தறிமேட்டில் ஒருவர் இறங்க வேண்டும்

இது நடந்தது. நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, வண்டி இருக்கிறது. போன மார்கழி பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலை 5.05-க்குப் புறப்பட்ட சென்னைக் கடற்கரை வண்டி. பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. நடந்தது கலைவாணனுக்கு. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. கதை கட்டத் தெம்பு வேண்டும். அது அவனிடம் தீர்ந்துபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

ஒரே ஒரு பெயர் மட்டும் இதில் மாற்றப்பட்டிருக்கிறது. மூடிப்போன ஒரு ரயில் நிறுத்தத்தின் பெயர். தறிமேடு என்று வைத்துக்கொள்ளலாம். உண்மைப் பெயரை எழுதினால் பார்த்துவிட்டு வரலாமென்று யாராவது கிளம்புவார்கள். போனால் அங்கே உட்காரத் தோன்றும். உட்காரக் கூடாது.

கலைவாணனுக்கு முப்பத்திரண்டு வயது. வேதியியலில் முதுகலை. கிண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். மனைவி இளவரசிக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள். சாயங்காலம் அவன் கிண்டியில் ஏறுவான். ஏறியதும் பக்கத்து இடத்தில் தன் கைக்குட்டையை விரித்துப் போடுவான். யார் முறைத்தாலும் எடுக்க மாட்டான். தாம்பரத்தில் அவள் ஏறுவாள். கைக்குட்டையை நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் செருகிவிட்டு உட்காருவாள். அவள் விரல்களில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

முந்தின வருடம் ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறு நாள். தினமும் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து எண்ணிக்கை எழுதினவள், ஐந்தாம் நாள் தன்னுடைய சீட்டைத் தானே வாங்கிப் படித்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மகள் வள்ளியைக் கொண்டுவரச் சொன்னாள். அந்த வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. மறுநாள் மதியம் முடிந்துவிட்டது.

வள்ளிக்கு அப்போது இரண்டேகால் வயது.

காரியம் எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் கலைவாணன் வேலைக்குப் போனான். திரும்பும்போது கிண்டியில் ஏறினான். பழக்கத்தில் கை கைக்குட்டையை எடுத்து விரித்துப் போட்டுவிட்டது. அந்தப் பெட்டியில் தினமும் வருகிற சீசன் டிக்கெட் கூட்டத்தில் சிட்டிபாபு என்று ஒருவன், வாய் ஓயாதவன். யாருக்குபா எடம் புடிக்கிற என்று கேட்டுக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு மட்டுமில்லை. மறுநாளும் கை போட்டது. அதற்கு மறுநாளும். தாம்பரத்தில் யாரும் ஏறி வந்து அதை எடுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் யாரும் உட்காரவுமில்லை. கூட்டம் பிதுங்குகிற நாளில்கூடப் பக்கத்தில் நின்றுகொண்டு வருவார்கள். விவரம் தெரியாத புது ஆள் உட்காரப் போனால் சிட்டிபாபு தலையை நிமிர்த்தாமலே சொல்வான்.

"ஆள் வருதுபா."

இப்படிப் பதினான்கு மாதம்.

வீட்டில் வள்ளியைப் பகலில் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டுத் தில்லையம்மாள். காலையில் அவன் கதவைத் திறக்கும் முன்பே வந்து நிற்பாள். "கொடு தம்பி, நான் வெச்சிக்கறேன்" என்று இரண்டு கையையும் நீட்டுவாள். அவன் கொடுத்துவிடுவான். கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்பாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவள் கேட்பாள். பெண்டாட்டி இல்லாதவன் கையில் குழந்தையைப் பார்த்தால் பெண்களுக்குக் கை தானாக நீளும். யார் கை நீட்டினாலும் அவன் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா நின்றான். அந்தப் பதினான்கு மாதத்தில் அவன் பழகிக்கொண்டது அது ஒன்றுதான்.

இரண்டு விஷயம் மட்டும் கொஞ்சம் விசித்திரம். அப்போது அவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்று, வள்ளி அம்மாவைக் கேட்கவே இல்லை. ஒரு நாள்கூட. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டது என்றார்கள்.

இன்னொன்று போர்வை. வள்ளி தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற பிள்ளை. ஆனால் தினமும் காலையில் போர்வை கழுத்துவரை இழுத்து விட்டிருக்கும். கால் பக்கம் இரண்டு ஓரமும் பாதத்துக்கு அடியில் செருகியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் தானே செய்திருப்போம் என்று விட்டுவிட்டான். யோசிக்கவும் தெம்பு வேண்டும்.

வருஷத் திதி முடியட்டும் என்று காத்திருந்த மாமனார் வரதராஜன் குரோம்பேட்டையிலிருந்து வந்தார். வள்ளியைத் தங்களிடம் விட்டுவிடும்படி கேட்டார். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், வீட்டில் பாட்டி, சித்தி என்று ஆட்கள். இங்கே அவன் தனியாக என்ன செய்வான். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவன் சரி என்றான். சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். ஒரு தடவை கொண்டுபோய் விட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு வர மாட்டான். மாதத்துக்கு ஒரு தரம் பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நிற்கிற ஆளாகிவிடுவான். தெரிந்தும் சரி என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் கிளம்பினான். ஒரு பையில் வள்ளியின் துணி மொத்தமும் அடங்கிவிட்டது.

4.50-க்கு ஸ்டேஷனில் இருந்தான். பனி. எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. காஞ்சிபுரம் ஸ்டேஷன் பழைய ஸ்டேஷன். மீட்டர் கேஜ் தண்டவாளமும் கரி எஞ்சினும் இருந்த காலத்தில் இந்தப் பாதையில் சின்னச் சின்ன நிறுத்தங்கள் இன்னும் சில இருந்தன என்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, கட்டடம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, ஒரு கல் பெஞ்சு, அவ்வளவுதான். அகலப் பாதை வந்தபோது சிலதை உயர்த்திக் கட்டினார்கள். சிலதை விட்டுவிட்டார்கள். விட்டதில் ஒன்று தறிமேடு. காஞ்சிபுரம் கிழக்கு ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் வரும். புல் மண்டிய மேடை, பெயர் அழிந்த சிமெண்டுப் பலகை, அந்தப் பெஞ்சு. வளைவு என்பதால் வண்டி அங்கே வேகம் குறையும். நிற்காது. நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது.

5.05-க்கு வண்டி கிளம்பியது. ஞாயிறு என்பதால் பெட்டியில் ஆளே இல்லை. கோடியில் பூக்கூடைகளுக்கு நடுவே ஓர் அம்மாள் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கினாள். கலைவாணன் இடது பக்கச் சன்னல் ஓரம் உட்கார்ந்தான். வள்ளி மடியில். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையைப் பக்கத்து இடத்தில் விரித்தது. காலி வண்டியில் யாருக்கு இடம் என்று அவனே ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை.

வள்ளிக்கு ஒரு துணி உண்டு. இளவரசியின் சிவப்பு நூல்புடவையில் கிழித்த முழத் துண்டு. அது கையில் இல்லாமல் தூங்க மாட்டாள். பாட்டிலில் பால் கொடுத்தான். வண்டி குலுங்கியதில் பால் முழுக்கத் துணியில் கொட்டியது. நாறுதுப்பா என்று சிணுங்கினாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சன்னலுக்கு வெளியே துணியை அலசினான். பிழிந்தான். காற்றில் காயட்டும் என்று சன்னல் கம்பியில் கட்டினான். பறந்துவிடாமல் இரண்டு முடிச்சு.

அப்போது மணி 5.11. கைப்பேசியில் பார்த்தான்.

வள்ளி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு தோளில் தூங்கிப்போனாள். சிவப்புத் துணி வெளியே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

5.14. வண்டி வேகம் குறைந்தது. வளைவு. வழக்கம்தான்.

இன்னும் குறைந்தது.

நின்றுவிட்டது.

சிக்னல் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். மின்சார வண்டி நின்றாலும் அடியில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமல் நின்றது. விசிறி நின்றது. விளக்கு அணையவில்லை. ஆனால் மஞ்சளாக, எண்ணெய் விளக்கு மாதிரி எரிந்தது. தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த மார்கழிப் பாட்டும் இல்லை.

துணி படபடப்பது மட்டும் நிற்கவில்லை. காற்றே இல்லை... துணி அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு வாசனை. கரி எரிகிற வாசனை.

வண்டியின் பின்பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. யாரோ விளக்கைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்து வருகிறார்கள். மேடைச் சரளையில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... சரக்... ஒவ்வொரு சன்னலாகத் தாண்டி வந்தது. அவன் சன்னலுக்கு நேரே நின்றது.

தொப்பி போட்ட ஒருவர். வெள்ளைக் கோட்டு. கையில் சிவப்புக் கண்ணாடி விளக்கு. துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் உள்ளே பார்த்தார்.

"யாரு தறிமேடு?"

அவர் விரல் மறுபடி முடிச்சைத் தொட்டது.

"துணி உங்களுதா?"

"ஆமா சார். காயறதுக்குக் கட்டினேன்."

"கட்டியாச்சு. வண்டி நின்னாச்சு. ஒருத்தர் எறங்கணும்."

"நாங்க குரோம்பேட்டை சார்."

"ஒருத்தர் எறங்காம வண்டி எடுக்க முடியாதுங்க."

கோபமில்லை. அதட்டலில்லை. ராத்திரி முழுக்க விழித்த ஆளின் குரல். அவனுடைய குரல் மாதிரியே இருந்தது.

அவர் முகம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு முழ இடைவெளி. அந்த மேடை முழங்கால் உயரம்தான். அதில் நிற்கிற ஆளுக்கு வண்டிச் சன்னல் தலைக்கு மேலே இருக்கும். இதெல்லாம் பின்னால்தான் உறைத்தது. அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கோடியில் தூங்கிய அம்மாளைப் பார்த்தான். அசைவில்லை. கைப்பேசியைப் பார்த்தான்.

5.14.

எழுந்தான். ஏன் எழுந்தான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை. சொன்னால் செய்கிற பழக்கம். பையைத் தோளில் மாட்டினான். வள்ளியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனான்.

வெளியே பனி. மேடை தெரிந்தது. புல் இல்லை. சுத்தமாகப் பெருக்கிய மேடை. கல் பெஞ்சு. பெயர்ப்பலகையில் கறுப்பு எழுத்து, இப்போதுதான் எழுதினதுபோல்.

தறிமேடு.

கதவுக்கு நேரே ஒருத்தி நின்றாள்.

தலையில் முக்காடு. முகம் தெரியவில்லை. புடவை நனைந்திருந்தது. மழையில் நனைந்தது மாதிரி. மழை இல்லை. இரண்டு கையையும் நீட்டியிருந்தாள்.

"கொழந்தய மொதல்ல கொடு தம்பி. நான் வாங்கிக்கறேன். நீ பைய எடுத்துக்கினு எறங்கு."

சாதாரணமாகச் சொன்னாள். பதினான்கு மாதமாக எல்லாரும் சொன்ன அதே வார்த்தை. அதே கை.

அவன் கொடுத்தான்.

அதுதான் உண்மை. எதிர்க்கவில்லை. யோசிக்கவில்லை. காலரிலிருந்து வள்ளியின் விரல்களைப் பிரித்தான். தோளிலிருந்து இறக்கினான். இரண்டு கையாலும் நீட்டினான்.

கை கனத்தது. கொடுத்தால் போதும் என்றிருந்தது.

நீட்டிய கைகள் அவன் மார்பு உயரத்தில் இருந்தன...

விரல்கள் வள்ளியின் பாதத்தைப் பிடித்தன.

வள்ளி முழித்துக்கொண்டாள். அழவில்லை.

"ச்சில்லுனு இருக்குதுப்பா."

அவனால் கையை மடக்க முடியவில்லை.

"கொடு" என்றாள் அவள்.

விளக்கு ஆடியது. "நாழி ஆவுதுங்க. ஒருத்தர்."

அப்போது...

பின்னால் ஒரு சத்தம்.

டக்.

அவன் உட்கார்ந்திருந்த இருக்கைப் பக்கம்.

டக்... டக்...

இரும்புத் தரையில் மெட்டி.

நெருங்கி வந்தது. நிதானமாக. தாம்பரத்தில் ஏறி, கூட்டத்தை விலக்கி, இடம் தேடி வருகிறவள் நடக்கிற நடை.

ஸ்பிரிட் வாசனை.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது.

வள்ளியின் பாதத்திலிருந்து அந்த விரல்கள் பிரிந்தன. ஒன்று... இன்னொன்று... யாரோ பிரித்து எடுக்கிற மாதிரி.

ஓர் உள்ளங்கை அவன் மார்பில் வைத்துத் தள்ளியது.

பெட்டிக்குள் மல்லாக்க விழுந்தான். வள்ளி அவன் மேல்.

விசில். நீளமாக.

வண்டி நகர்ந்தது.

படுத்தபடியே கதவு வழியாகப் பார்த்தான். பச்சைக்கு மாறிய விளக்கின் வெளிச்சத்தில் மேடை பின்னால் போனது. ஒருத்தி அப்படியே நின்றாள், வெறுங்கையை நீட்டியபடி. இன்னொருத்தி கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த முதுகை அவனுக்குத் தெரியும்.

அப்புறம் இருட்டு. விளக்கு வெள்ளையானது. விசிறி சுற்றியது.

எழுந்து உட்கார அவனுக்கு நேரம் பிடித்தது. இருக்கைக்குப் போனான். சன்னல் கம்பியில் சிவப்புத் துணி இல்லை. பக்கத்து இடத்தில் கைக்குட்டை இல்லை. கீழே, இருக்கைக்கு அடியில், எங்கேயும் இல்லை. பூக்காரம்மாள் எழுந்து கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். வண்டி எதற்கு நின்றது என்று அவளைக் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கபா நின்னுது? நான் ஒண்ணும் தூங்கல, கண்ண மூடிக்கினு இருந்தேன். நிக்கவே இல்லியே."

வாலாஜாபாத்தில் வண்டி நின்றபோது மணி 5.22. அட்டவணையில் இருக்கிற நேரம். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

வள்ளி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எறங்கிட்டாங்கப்பா."

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். இத்தனை நாள் அவள் ஏன் கேட்கவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் இருக்கிறவளை யார் கேட்பார்கள்.

கலைவாணன் வாலாஜாபாத்திலேயே இறங்கினான். நடைமேடைப் பெஞ்சில் வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருந்தான். வள்ளியின் வலது பாதம் விறைத்துக் கிடந்தது. இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் மாமனாருக்குப் போன் செய்தான். மார்கழிக் குளிரில் குழந்தையோடு எதுவரை வந்திருக்கிறான், செங்கல்பட்டில் யாரையாவது அனுப்பட்டுமா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"இல்ல மாமா. வரல. வள்ளி என்கிட்டயே இருக்கட்டும்."

என்ன ஆயிற்று என்றார் அவர். ஒன்றும் இல்லை என்றான். பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் பாவம் பார்த்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பரவாயில்லைங்க என்றான். காஞ்சிபுரம் வருவதற்குள் கை மரத்துப்போனது. மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வள்ளியின் போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடந்தது. குழந்தை குளிரில் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

இப்போது அவன் ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறான். கைப்பேசியில் மணியடிக்க வைத்திருக்கிறான், ஒரு மணிக்கும் நாலு மணிக்கும். எழுந்து போர்வையை இழுத்துவிட்டு, கால் பக்கம் ஓரத்தைச் செருகிவிட்டுப் படுக்கிறான். அசதி முன்னைவிட அதிகம். ஆனால் இது வேறு அசதி.

வேலைக்கு அதே வண்டியில்தான் போகிறான். முதல் நாள் சாயங்காலம் கிண்டியில் ஏறியதும் கை சட்டைப்பைக்குப் போனது. பையில் ஒன்றுமில்லை. பக்கத்து இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார். சிட்டிபாபு வாயைத் திறந்தான். காலியான சட்டைப்பையையும் கலைவாணன் முகத்தையும் பார்த்தான். மூடிக்கொண்டான். தறிமேடு வரும்போது மேடை இருக்கிற பக்கம் கலைவாணன் திரும்புவதில்லை.

இதை இத்தோடு விட்டிருப்பான். தை பிறந்து இரண்டாவது வாரம், ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் ஜான் பாஷாவிடம் பேச்சுவாக்கில் கேட்டான். தறிமேட்டில் வண்டி நின்ற காலம் அவருக்கு ஞாபகமிருக்கிறதா என்று. ஜான் பாஷா டீ ஆற்றுவதை நிறுத்தினார். அவருடைய வாப்பாதான் அந்த நிறுத்தத்தில் டிக்கெட் கொடுக்கிற ஏஜெண்டாக இருந்தவராம்.

அவர் சொன்னது இது. தறிமேட்டில் வண்டி எல்லா நாளும் நிற்காது. இறங்குகிற ஆள் இருந்தால்தான் நிற்கும். அங்கே இறங்குகிறவர்கள் எல்லாரும் நெசவாளிகள், துணிக்கா பஞ்சம். காஞ்சிபுரத்தில் ஏறியதும் சன்னல் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கியதும் துணியை அவிழ்த்துக்கொண்டு போவார்கள். சட்டத்தில் இல்லாத ஏற்பாடு. ஆனால் அந்தப் பாதையில் எல்லாருக்கும் தெரியும்.

வெளியூர்க்காரிக்குத் தெரியாது. ஒரு மழைக்காலத்து விடியற்காலை, கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். செங்கல்பட்டுக்குப் போகிறவள். குழந்தையின் ஈரத்துணியைச் சன்னல் கம்பியில் காயக் கட்டிவிட்டுக் கண்ணசந்தாள். வண்டி தறிமேட்டில் நின்றது. யாரு தறிமேடு, யாரு தறிமேடு என்று கார்டு கூப்பிட்டார். துணி கட்டினது இந்தம்மாதான் என்று யாரோ காட்டினார்கள். பெட்டியில் நெரிசல். தூங்குகிறாளே, ஊர் தவறிவிடப் போகிறாள் என்று உதவி செய்யத்தான் செய்தார்கள். குழந்தையை முதலில் கொடுங்கள் என்று கைக்குக் கை மாற்றிக் கதவுவரை கொண்டுபோனார்கள். கீழே நீட்டிய கையில் கொடுத்தார்கள். அவள் முழித்து, கத்தி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவுக்கு வருவதற்குள் பச்சை காட்டியாகிவிட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள். மேடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே.

"சரி பாய். கொழந்த?"

ஜான் பாஷா பாய்லரை மூடினார்.

"அதான் தம்பி. அன்னிக்கி தறிமேட்டுல வண்டிக்கு யாருமே நிக்கல. வாப்பா ஒரு டிக்கெட்டு கொடுக்கல. மேடையில வாப்பா ஒருத்தருதான். அவரு அந்தக் கோடில நின்னாரு. கொழந்தய வாங்கின கை யாருதுன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

மறுநாளே அவருடைய வாப்பா டிக்கெட் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதற்கப்புறம் அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை.

கலைவாணன் டீயைக் குடிக்காமல் வைத்தான். கிளம்பப் போனவனை ஜான் பாஷா கூப்பிட்டார். எதற்குக் கேட்கிறான் என்று அவர் கேட்கவில்லை. தறிமேட்டைப் பற்றி இந்த மாதத்தில் பேசுகிற இரண்டாவது ஆள் அவன் என்றார். முதல் ஆள் வீரபாகு. கீமேன். தினமும் விடியற்காலை தண்டவாளத்தோடு நடந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாவிகளைத் தட்டிப் பார்க்கிறவன். பதினைந்து வருடமாக அந்தக் கல் பெஞ்சில்தான் உட்கார்ந்து பீடி பிடிப்பான். இப்போது அங்கே நிற்பதில்லையாம்.

மார்கழி நடுவிலிருந்து அந்தப் பெஞ்சில் ஒரு கைக்குட்டை கிடக்கிறது. நீலக் கட்டம் போட்டது. கசங்காமல், நாலு முனையும் இழுத்து விரித்து. எவனோ விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று வீரபாகு எடுத்துப் புதரில் வீசினான். மறுநாள் காலை அதே இடத்தில் கிடந்தது. பெஞ்சு முழுக்கப் பனி. கைக்குட்டை மட்டும் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தானாம். ஆஸ்பத்திரி வாசனை. நாலைந்து தடவை வீசினான். நாலைந்து தடவையும் திரும்ப வந்தது.

அதை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, இன்னொன்று. சிவப்புத் துணி. சின்னது. அதுவும் விரித்துத்தான் கிடந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் வீரபாகுவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரப் போனான். பக்கத்தில் யாருமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்டவாளம்தான். காதுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. மிரட்டுகிற குரல் இல்லையாம். வேலை முடிந்து வந்த அசதியோடு சொல்கிற குரலாம்.

"ஆள் வருதுங்க."